மீட்டர் சத்தம் போதாது, அளவு வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மணவாளக்குறிச்சி மணல்ல ஒருத்தர் கதிர்வீச்சு அளக்குற கைகர் மீட்டர வச்சுக்கிட்டு நிக்கிற வீடியோ ஒன்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல சுத்துது, மீட்டர் டிக் டிக்னு கத்துது, உடனே கூடங்குளத்துல கசிவுன்னு பரப்புறாங்க. அது கசிவு இல்லங்க. அங்க கடற்கரை மணல்ல மோனசைட்ங்கிற தாது கலந்து கிடக்கு, அதுல இயற்கையாவே கதிர் வீசுற தோரியம் இருக்கு, அணு உலைங்கிற பேச்சே வர்றதுக்கு முன்னாடியும் அந்த மணல் அப்படித்தான் இருந்துச்சு.

உலையில இருந்து ஏதாவது வந்துச்சான்னு தெரியணும்னா சீசியம்-137ன்னு, அணு உலையிலயும் அணுகுண்டுலயும் உண்டாகுற கதிர்வீச்சுப் பொருள தனியா தேடணும். கடல் தண்ணியில இயற்கையாவே கதிர் வீசுற பொட்டாசியம்-40 லிட்டருக்கு 12 பெக்கரல் (கதிரியக்கத்த அளக்குற அலகு) கிட்ட இருக்கு, சீசியம் அதுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட வராது, வர்றதும் பெரும்பாலும் 1950, 60கள்ல வல்லரசுங்க வெடிச்சுப் பாத்த குண்டுல இருந்து வந்ததுதான். அதனால ஒரு பாட்டில் தண்ணி பத்தாது, கேன் கேனா மொண்டு, சீசியத்த மட்டும் பிடிக்கிற கெமிக்கல் போட்டு அடியில தங்க வச்சு, அத ஜெர்மானியம் டிடெக்டர்ங்கிற நுணுக்கமான கதிர் அளக்குற கருவியில மணிக்கணக்கா வச்சு எண்ணணும். உலையில உண்டாகுற இன்னொன்னு டிரிட்டியம், கதிர் வீசுற ஹைட்ரஜன்; அதோட கதிர் ரொம்ப வீக், அந்த கைகர் மீட்டர்ல அது தெரியவே தெரியாது.

எனக்கு ஆத்திரமே கடலடிச் சேறு விஷயத்துலதான். சீசியம் களிமண் சேத்துல ஒட்டிக்கிடும், வெறும் மணல்ல அந்த அளவுக்கு நிக்காது. ரெண்டு வருசம் முன்ன ஆய்வுக்குன்னு வந்த நாலு பேர எங்க வள்ளத்துல கூட்டிட்டுப் போனேன், வாயப் பிளந்த இரும்புப் பெட்டி ஒன்ன கயித்துல இறக்குனாங்க, மேல வந்தா மணலும் சிப்பியும்தான். "சார், சேறு வேணும்னா இன்னும் வெளிய போகணும், அங்க வலை போட்டா ஈயக்குண்டு முழுக்க கருஞ்சேறா வரும்"னு சொன்னேன். ஜிபிஎஸ்ல குறிச்ச இடம் இதுதான்னு சொல்லி பையில கட்டி நம்பர் எழுதிட்டாங்க. ரிசல்ட் கேட்டு நாலு தடவ போன் பண்ணேன், பதிலே இல்ல.

கூடங்குளம் முதல் உலை 2013 ஜூலைல ஓட ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி எடுத்த அளவும் இப்ப எடுக்குற அளவும் பக்கத்துல பக்கத்துல போட்டு, சீசியம் தனியா டிரிட்டியம் தனியா, தமிழ்ல எழுதி ஒவ்வொரு ஊர் ஏலக்கூடத்து சுவத்துலயும் ஒட்டணும். சாம்பிள் எடுக்க வர்றவங்க, கடலடி தெரிஞ்ச எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தரையும் கூட ஏத்திக்கிடணும். வியாபாரி அந்த வீடியோவக் காட்டி சாளை விலையக் குறைக்கிறப்ப, திருப்பிக் காட்ட எங்ககிட்ட ஒரு தாள் இல்லங்க.

இப்படிக்கு,
ஒரு வள்ளக்காரன்,
கன்னியாகுமரி மாவட்டம்