எந்த பேட்டன்ட், எந்த நாட்டில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் படலங்கள் பற்றிய கட்டுரையில் "பேட்டன்ட் (காப்புரிமை) இருப்பதால் இங்கே செய்ய முடியாது" என்று எழுதியிருந்தீர்கள். மணலி, மாதவரம் பக்கம் மருத்துவப் பொருள் தயாரிக்க நினைப்பவர்களை இந்த ஒரு வரி வீணாக மிரட்டிவிடும்.

இத்தகைய படலங்களில் இன்டர்சீட் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1989இல், செப்ராஃபிலிம் 1996இல். காப்புரிமையின் ஆயுளோ மனு போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு. செப்ராஃபிலிம் போல, ஹயலூரோனிக் அமிலமும் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸும் சேர்ந்த அடிப்படைப் படலம் இன்று யாருக்கும் தனிச்சொத்தல்ல. வழக்குக்கு இடம் தருபவை பின்னால் வந்த மேம்பாடுகள். அதிலும் குறுக்கிணைப்புதான் (மூலக்கூறுகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் பிணைப்பது) முக்கியம். இரண்டையும் சும்மா கலந்து உலர்த்தினால் படலம் வயிற்றுக்குள் சீக்கிரம் கரைந்துவிடும். வயிற்று உள்ளுறை ஆற ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்க வைக்கும் வேதிமுறையைத்தான் ஒவ்வொரு நிறுவனமும் க்ளெய்மில், அதாவது காப்புரிமையில் உரிமை கோரும் பகுதியில், வளைத்துப் போடுகிறது. மூலப்பொருளைச் சற்றே மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைப்பதும் ஆபத்து. அதே வேலையை அதே வழியில் செய்தால் நீதிமன்றம் சமமானதாகவே பார்க்கக்கூடும்.

அமெரிக்கக் காப்புரிமை இந்தியாவில் செல்லாது. இந்தியக் காப்புரிமைகளைத் தேடும் அரசின் இன்பாஸ் தளத்தில் இந்திய எண்ணைத் தேடி, புதுப்பிப்புக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டாமல் காலாவதியானவை நிறைய. பிறகு முதல் க்ளெய்மை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். விளக்கப் பகுதியில் எழுதியிருப்பதெல்லாம் உரிமையாகாது.

காப்புரிமை மனு நிலுவையில் இருந்தால், அது வெளியிடப்பட்ட பிறகு யார் வேண்டுமானாலும் அந்த மனு உள்ள காப்புரிமை அலுவலகத்தில் (சென்னையில் என்றால் கிண்டி) ஆட்சேபிக்கலாம். 2024 முதல் அதற்குக் கட்டணம் உண்டு. தெரிந்த இரு பொருள்களின் வெறும் கலவை என்றால் காப்புரிமைச் சட்டத்தின் 3(இ) பிரிவும், அறுவை சிகிச்சை செய்யும் முறை என்றால் 3(ஐ) பிரிவும் கைகொடுக்கும். காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டால், அது வழங்கப்பட்ட அறிவிப்பு வெளியானதிலிருந்து ஓராண்டுக்குள் தொடர்புடையவர் மட்டுமே ஆட்சேபிக்க முடியும். அதையும் தவறவிட்டால் பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில் ரத்து மனுதான். முன்பு இத்தகைய மனுக்களை விசாரித்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. அரசின் விற்பனை அனுமதிக்கான சோதனைக்காகத் தயாரிப்பதற்கு 107ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அதனால் காப்புரிமை முடியும் நாள் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை.

ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும்போது, "எங்களிடம் மட்டுமே கிடைக்கும்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் இந்தியக் காப்புரிமை எண்ணையும், அந்தக் காப்புரிமை இந்தியாவில் பயன்படுத்தப்படுகிறதா என்று தெரிவிக்கும் படிவம் 27ஐயும் கேட்டு வாங்க வேண்டும். எண் தராதவருக்குப் போட்டியில்லாமல் ஆர்டர் தரக்கூடாது.

– காப்புரிமை முகவர் ஒருவர்,
ராயபுரம், சென்னை-13.