காலியாக ஒரு குழாய் போட்டால் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரத்நெட் திட்டத்தில் நம் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வழியே வரும் ஃபைபர் இணையம் போவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், 12,525 ஊராட்சிகளுக்குக் கேபிள் இழுப்பது சின்ன வேலையா என்ன. ஆனால் நடுவில் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டு முழிக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். கிராமமும் இல்லை, புது அப்பார்ட்மென்ட்டும் இல்லை. மாநகராட்சி எல்லைக்குள்ளேயே முப்பது, நாற்பது வருடமாக இருக்கிற பழைய காலனிகள். அப்படி ஒரு ஹவுசிங் போர்டு காலனியில் நான் 1991 முதல் குடியிருக்கிறேன்.

எங்கள் தெருமுனை ஈ.பி. போஸ்ட்டில் கறுப்பு ஃபைபர் கேபிள் ஒன்று வளையமாகச் சுற்றிக் கட்டித் தொங்குகிறது. மூன்று வருடமாக அப்படியே தொங்குகிறது, காக்கா உட்கார்ந்து ஊஞ்சலாடுகிறது. அங்கிருந்து என் வீடு ஏழு போஸ்ட் தள்ளி.

கம்பெனி இணையதளத்தில் பின்கோடு போட்டால் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று பச்சை எழுத்தில் வருகிறது. நம்பிப் பணமும் கட்டினேன். இரண்டு நாள் கழித்து வந்த தம்பி, ஏணியைக்கூட வண்டியிலிருந்து இறக்காமல் போஸ்ட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சார், இந்தப் பக்கம் பாக்ஸே இல்லையே, மெயின் ரோடு அப்பார்ட்மென்ட்டுக்கு மட்டும்தான்" என்றார். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே பின்கோடு, அவ்வளவுதான் விஷயம். கட்டிய பணம் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது, அது தனிக் கதை.

அந்தத் தம்பிதான் கணக்கையும் சொன்னார். அப்பார்ட்மென்ட் என்றால் கேபிளை ஒரே இடத்தில் இறக்கி ஸ்பிளிட்டர் பெட்டி ஒன்றை மாட்டினால், முடி கனத்தில் இருக்கிற ஒற்றை இழையிலிருந்தே 32 வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம், வீடுகளுக்குப் போகும் ஒயருக்குக் கட்டும்போதே வழி விட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் 44 தனி வீடு. போஸ்ட் போஸ்ட்டாக இழுக்க வேண்டும், அதற்கு அனுமதி வாங்க வேண்டும், இவ்வளவும் செய்த பிறகு எத்தனை பேர் கனெக்‌ஷன் எடுப்பார்கள் என்பதும் தெரியாது, பாதி வீட்டில் என்னை மாதிரி வயசானவர்கள். சரி, வியாபாரம் செய்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற என் மகள்தான் பாவம். பழைய செம்புக் கம்பி பிராட்பேண்டில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும், மழை பெய்து ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் அதுவும் போச்சு. இப்போது போன் ஹாட்ஸ்பாட்தான். மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்தால் சிக்னல் நிற்கிறது, நாலாவது படிக்குப் போனால் இல்லை. மீட்டிங் நேரத்தில் வீட்டில் யாரும் மாடி ஏறக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். காற்றில் வருகிற ஃபைபர் என்று ஒன்றை விற்கிறார்களே, விசாரித்தால் டவரிலிருந்து வீட்டுக்கு வருவது 5ஜி அலை. ஃபைபர் பெயரில் மட்டும் இருக்கிறது.

என் கோபமெல்லாம் தோண்டுகிறவர்கள் மேல். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள், மூடினார்கள். குடிநீர்க் குழாய்க்கு அதே தெருவை மறுபடி தோண்டினார்கள். அப்புறம் தார் போட்டு, போட்ட தாரையே கொத்தி வீட்டு இணைப்பு கொடுத்தார்கள். இத்தனை தடவையில் ஒரு தடவையாவது, அந்தப் பள்ளத்தின் ஓரமாக 40 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் காலியாகப் போட்டு மூடியிருந்தால், பிறகு எந்தக் கம்பெனி வந்தாலும் ரோட்டைத் தொடாமல் உள்ளே கேபிளைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பெரிய கட்டுமானத் திட்டங்களில் கேபிள்களுக்குப் பொதுக் குழாய் பதிக்கச் சொல்லும் அதிகாரத்தை 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவே ஒன்றிய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. தோண்டும் முன் கீழே கேபிள் இருக்கிறதா என்று கேட்பதற்குக்கூட 2023 மார்ச்சில் செயலி விட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த ஜேசிபி டிரைவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன், சிரித்தார்.

வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். "இணையம் எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்றார்கள். நான் இணையம் கேட்கவில்லை ஐயா, ஒரு குழாய்தான் கேட்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் சமையல் எரிவாயுக் குழாய்க்காகத் தெருவை அளந்து, ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோடு என் வீட்டு கேட்டுக்கு இரண்டடி முன்னால் போகிறது. அடுத்த மாதம் பள்ளம் தோண்டுகிறார்களாம். மூடுவதற்குள் பொறுப்பில் இருக்கிற யாராவது இதைப் படித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஏழாவது போஸ்ட் வீட்டுக்காரர்