தீமை தெரிந்தால் உடனே வெட்டிவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாகப் படிக்கக் கிடைத்ததே பெரிய சந்தோஷம். ஆனால் பாலடின், அதாவது அறநெறிக்குக் கட்டுப்பட்ட புனித வீரன், ஒருவனிடம் தீமையை உணர்ந்துவிட்டால் அவனை வெட்டிச் சாய்ப்பதுதான் கடமை என்று எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நாங்கள் இன்னும் 3.5 பதிப்பைத்தான் ஆடுகிறோம். கதையை நடத்தும் டிஎம் நான். போன மாதம் ஆட்டத்தில் ஒரு விடுதி. ஓரத்து மேசையில் தானிய வியாபாரி ஒருவன், பக்கத்தில் அவன் மகள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். பாலடினாக ஆடிய தம்பி, தீமையை உணரும் சக்தியான 'டிடெக்ட் ஈவில்' என்றான். "அந்தப் பக்கம் தீமை இருக்கிறது" என்றேன். அவ்வளவுதான், வெட்டுவதற்காக டைஸைக் கையில் எடுத்துவிட்டான்.

ஆட்டத்தில் ஒரு ரவுண்டு என்பது ஆறு விநாடி. முதல் ரவுண்டில் தெரிவது தீமை இருக்கிறது என்பது மட்டுமே. எத்தனை பேரிடம், எவ்வளவு வலுவாக என்பது இரண்டாவது ரவுண்டில். யாரிடம் என்பது மூன்றாவதில்தான். அதாவது கவனம் சிதறாமல் 18 விநாடி நிற்க வேண்டும். தீமை அப்பனிடமா மகளிடமா என்றுகூடத் தெரியாமல் தம்பி வாளை ஓங்கினான். அதைச் சொன்னதும் மேசையில் யாரும் பேசவில்லை.

சரி, மூன்று ரவுண்டும் நின்றான், வியாபாரிதான் என்று தெரிந்தது. அப்போதும் என்ன தெரிந்தது? மனம் கெட்டவன் என்று தெரிந்தது. அவன் என்ன செய்தான் என்று அந்தச் சக்தி சொல்லாது. கொலைகாரனும் கஞ்சனும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியலாம். தீய தெய்வத்துக்குப் பூசை செய்யும் கிளெரிக் என்ற பூசாரி, தான் நல்லவனும் தீயவனும் அல்லாத நடுநிலைக்காரனாக இருந்தாலும் தீயவனாகவே தெரிவான். பாலடினின் நெறி தண்டிக்கச் சொல்வது அப்பாவிகளுக்குக் கேடு செய்பவர்களையும் அவர்களை மிரட்டுபவர்களையும்தான். அதே நெறிதான் முறையான அதிகாரத்தை மதிக்கவும் சொல்கிறது. தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் சக்தி அத்தனையும் போய்விடும். கஞ்சி குடிக்கும் பிள்ளை எதிரே தகப்பனை வெட்டுவது என் மேசையில் தீய செயல்தான்.

எலும்புக்கூடு எழுந்து வந்தால் பேச்சே வேண்டாம், வாள்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பாலடினின் உணர்வு தேவகணம், பிசாசு, செத்தும் நடமாடுபவை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. சாதாரண மனிதனின் மனம் அதில் தெரியாது. இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் பழைய விதியில்தான் பாலடினுக்கு நிஜமான சோதனை இருக்கிறது என்பேன்.

தம்பி டைஸைக் கீழே வைத்தான். அவன் பாலடின் அந்த மேசையில் போய் உட்கார்ந்து நெல் விலை விசாரித்தான். அப்புறம் இரவு முழுக்க விடுதி வாசலில் காவல் இருந்தான். மறுநாள் சந்தையில், ஊர்க் காவலர்களை அருகில் வைத்துக்கொண்டு, வியாபாரி தானியம் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னான். உள்ளே அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு மெழுகு ஒட்டியிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை