நடுவிலிருந்து ஒரு பத்தி

செங்கம் அருகிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவை உன்னோடே அழைத்து வந்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

நகரத்துப் பள்ளிக்கு மாறுதல் கேட்டிருக்கலாமே, இந்தச் சின்னப் பள்ளியில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் கொஞ்சம் நீளும்.

2018இல் இங்கே தலைமையாசிரியையாக வந்தேன். ஐந்து வகுப்பு, 34 பிள்ளைகள், ஆசிரியர் இருவர். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஒருவருக்கு 17 பிள்ளைகள் என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சட்டம் தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்று ஐந்து வகுப்பும் மற்றவர் பொறுப்பு. ஈராசிரியர் பள்ளியில் பணியாற்றியவர்களுக்குத்தான் அந்த நாளின் களைப்பு தெரியும்.

முதல் ஆண்டில் நான் செய்தது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. சுவருக்கு வண்ணம் அடித்தோம், கழிப்பறைக்குத் தண்ணீர் வரச் செய்தோம், வாசலில் புங்கன் கன்று நட்டோம். பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்துபோனேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பெற்றோர் பெங்களூருவில் கட்டட வேலை, பாட்டி வீட்டில் வளர்ந்தாள். தமிழ்ப் பாடத்தைக் கணீரென்று வாசிப்பாள். யார் வந்தாலும் அவளைத்தான் எழுப்புவேன். ஒருநாள் மணி அடிக்க நேரம் குறைவாக இருந்தது. "மூன்றாவது பத்தியை மட்டும் படி" என்றேன். பத்தியின் மேல் விரலை வைத்தாள். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பாடத்தை முதல் வரியிலிருந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேரப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. அவளுக்கு எழுத்துத் தெரியவில்லை. ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளை அவள். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதின்மூன்று பேரையும் தனித்தனியே அழைத்து, புத்தகத்தின் நடுவிலிருந்து படிக்கச் சொன்னோம். ஐந்து பேருக்கு வரவில்லை. அன்று நானும் உடன் ஆசிரியையும் ஒரு முடிவு செய்தோம். காலை முதல் ஒரு மணி நேரம் வாசிப்பு மட்டும். வகுப்பு வாரியாக உட்கார வேண்டாம், எழுத்து தெரிந்த அளவுக்கு ஏற்ப உட்காரட்டும். நாம் 2007இல், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றலுக்காகக் கட்டுக்கட்டாகத் தூக்கி அலைந்தோமே, அந்த அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். அந்தப் பெண் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது தட்டுத்தடுமாறியாவது படித்தாள். அவளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

பிறகு கொரோனா. கட்டியதெல்லாம் கரைந்தது. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சில் பிடிக்கவே புதிதாகப் பழகினார்கள். மாலையில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத் தன்னார்வலர் ஒருவர் கோயில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது பெரிய கைகொடுப்பு. அடுத்த ஆண்டு, தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையிலிருந்து தொடங்குவது நாங்கள் தட்டித் தடவிக் கண்டுபிடித்த வழியேதான். அதை மனமார வரவேற்கிறேன். மதிப்பீடுகளைச் செயலியில் ஏற்றும் வேலை மட்டும் கற்பிக்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது. இங்கே நான்கு மணிக்கு முன் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். எதிரே பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது என் கண் அவள் விரல் நகரும் வரியில்தான் இருக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் அரசின் காலை உணவுத் திட்டம் எங்களுக்கும் வந்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் இங்கேயே சமைக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். முன்பெல்லாம் பத்து மணிக்கே சுருண்டு படுக்கும் இரண்டு மூன்று பேரை மந்தம் என்று நினைத்திருக்கிறேன். பசி என்று எனக்குத் தோன்றவில்லையே என்று இப்போது நெஞ்சு சுடுகிறது. எங்கள் வாசிப்பு மணிக்கு அந்தச் சூடான பொங்கல் செய்த உதவியை வேறு எதுவும் செய்யவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். எங்கள் ஊரில் பாட்டிகளும் கூட வருகிறார்கள். ஒரு கூட்டத்தில், தனியார் பள்ளி வேன் தெருவுக்குள் வந்த பிறகு எண்ணிக்கை 26 ஆகிவிட்டது என்று சொல்லி வருந்தினேன். ஒரு பாட்டி எழுந்தார். நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், 1958 வாக்கில், ஊர் மக்களே பள்ளிக்கு வேண்டியதைக் கொடுக்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடந்ததே, அப்போது இந்தப் பள்ளிக் கூரைக்கு மரம் கொடுத்தவர் தன் மாமனார் என்றார். "பேத்தியை நாளைக்கே அழைத்து வருகிறேன். ஆனால் அவள் செய்தித்தாளைப் படித்துக் காட்ட வேண்டும்" என்றார். அழைத்தும் வந்தார். இந்த வேண்டுகோளை விடக் கடுமையான ஆய்வு எனக்கு இதுவரை நடந்ததில்லை.

உடன் ஆசிரியை வரும் இடமாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போக விரும்புகிறார். போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய குழந்தையும் சிறியது. புதிதாக வருகிறவர் இந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றுவாரா என்பதுதான் என் கவலை.

நீ மூன்றாம் வகுப்புக்காகக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்த சொல் அட்டைகள் இன்னும் இருக்கின்றனவா? ஒற்று மிகும் சொற்களைத் தனியாகச் சிவப்பில் எழுதியிருப்பாய். இருந்தால் தபாலில் அனுப்பு. பாட்டியின் பேத்தி ஒற்றெழுத்தில்தான் தடுக்கி நிற்கிறாள்.

உன் பழைய விடுதித் தோழி