தராசு வாங்கியதும் எழுது

யங்கோன்

அன்பு மகளுக்கு,

மண்டலேயில் பருப்புக் கடை போடப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம் அம்மாடி. முதல் எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதை மாமாவோடு பேசிச் சொல்கிறேன். அதற்கு முன் இதைப் படி.

இந்தப் பர்மாவில் பணம் ஒரே உத்தரவில் காகிதமாகியிருக்கிறது. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1985இல் மறுபடியும் ஒரு முறை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்றித் தராமலே ஒழித்தார்கள். பெட்டி நிறைய வைத்திருந்தவரும் அன்றைக்கு வெறுங்கைதான். அப்படியொரு நாளில் கடனுக்கு மூட்டை இறக்க மொத்த வியாபாரி யாரை நம்புவார்? நாணயமான ஆளைத்தான். அந்தப் பேரை நீ முதல் நாளிலிருந்தே தராசில் சேர்க்க வேண்டும்.

பர்மாவில் ஒரு வீசை 1.633 கிலோ. கிலோ தராசு வைத்திருக்கும் பலர் 1.6 என்று நிறுத்திக் கொடுத்துவிடுகிறார்கள். வீசைக்கு 33 கிராம் குறைகிறது. நூறு வீசை விற்றால் 3.3 கிலோ, அதாவது இரண்டு வீசைப் பருப்பு அடுத்தவர் வீட்டுச் சோற்றிலிருந்து எடுத்தது. அரை வீசைக்கு 816 கிராம் என்று சுவரில் எழுதி ஒட்டு.

அரிசியும் விற்பதானால் பால்டப்பா அளவில் இன்னும் கவனம். எட்டு டப்பா சேர்ந்தால் ஒரு பியி என்னும் பர்மிய அளவு. டப்பா ஒடுங்கியிருந்தால் தூக்கிப் போடு. குச்சியால் தலைதட்டி அள. டப்பாக் கணக்கில் வாங்க வருபவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். குறைவது அவர்களுக்குத்தான் வலிக்கும்.

புது உளுந்து ஈரத்தோடு வரும். கடித்துப் பார்: காய்ந்தது 'டக்'கென்று உடையும், ஈரமானதில் பல் பதியும். எடை நிற்கட்டும் என்று அப்படியே விற்காதே. வாங்கியவர் வீட்டில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் உலர்த்தி, தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்கு. பழசையும் புதுசையும் கலக்காதே. வேகும் நேரம் மாறுவதால் ஒரே கொதியில் குழைந்ததும் குழையாததுமாய்க் கிடக்கும்.

கடன் பற்றை வாங்குபவர் கண்முன்னே எழுது, அவரிடமும் ஒரு சீட்டுக் கொடு. மூட்டை தூக்குபவர்களுக்கு அன்றன்று சாயங்காலமே கூலி. நாள் கடத்தினால் அவர்கள் வட்டிக்கு வாங்கி உலை வைப்பார்கள்.

லாபம் பார்க்காதே என்று சொல்லவில்லை. விலையில் பார், அளவில் பார்க்காதே. தராசு வாங்கியதும் ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்து எனக்கு எழுது.

அப்பா