கிணற்றில் விழுந்த சம்படமும் 11 பேட்ஜும்: நம் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரைப் பக்கம் ஜியோகேச்சிங் விளையாடும் நம் குழுவின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை மற்றவர்கள் ஜி.பி.எஸ். எண்களை வைத்துத் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, தளத்தில் ‘கண்டுபிடித்தேன்’ என்று பதிவதுதானே நம் விளையாட்டு? அப்படி மேலூர்ப் பக்கம் கமலைக் கிணற்றோரம், அதாவது மாடு கட்டித் தண்ணீர் இறைத்த பழைய கிணற்றோரம், பெட்டி வைத்தவன் எழுதுகிறேன். என்னையும் தெரியும், விஷயமும் உங்களுக்குத் தெரியும். போன வாரம் என் பெட்டிக்கு வந்திருந்த 11 ‘கண்டுபிடித்தேன்’ பதிவுகளை நீக்கினேன். மறுநாள் காலையில் பாத்திரக்கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் உங்களிடமிருந்து செய்தி வந்துவிட்டது. குழுப் போட்டியில் அவர்களுக்குப் பேட்ஜ் கொடுத்தாகிவிட்டது, பதிவுகளைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள், விளையாட்டுதானே, பெரிதுபடுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நாலு வரியில் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். இவ்வளவு நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போடாதவருக்கு பேட்ஜ் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

சித்திரை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து ஒரு அப்பாவும் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் மாறி, மேலூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து எங்கள் சித்தப்பா தோப்புக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அதுதான் முதல் பெட்டி. முதல் தடவையே பிள்ளை ஏமாந்துவிடக் கூடாது என்று அப்பா பதிவுகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். கடைசி இரண்டு மாதத்தில் 11 பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஒருவர்கூட ‘கிடைக்கவில்லை’ என்று எழுதவில்லை. இதைவிட நம்பிக்கையான பெட்டி எங்கே கிடைக்கும்?

அக்னி நட்சத்திர வெயில். தென்னை அடர்ந்த இடத்தில் போன் காட்டும் புள்ளி ஐந்து பத்து மீட்டர் தள்ளித்தான் நிற்கும், அது உங்களுக்கும் தெரியும். அதனால் வரப்பு, வேலி, மோட்டார் ரூம் பின்பக்கம் என்று எதையும் விடாமல் இரண்டரை மணி நேரம் தேடியிருக்கிறார்கள். 11 பேருக்குக் கிடைத்தது நமக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமல் போகும் என்று அந்தப் பிள்ளைதான் அப்பாவைக் கிளம்பவிடவில்லையாம். கடைசியில் ஒரு கல் இடுக்கில் கையை விட்டிருக்கிறாள். உள்ளே குளவிக்கூடு. கொட்டிவிட்டது.

தண்ணீர் பாய்ச்ச வந்த சித்தப்பா அழுகைச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்திருக்கிறார். கையில் சுண்ணாம்பு தடவி, இளநீர் வெட்டிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

“ஏன்டா, அந்த டப்பா மாசி மாசமே கெணத்துக்குள்ள விழுந்து போச்சே, ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது. மாசியில் கமலைக் கல்தூண் ஒன்று சரிந்தபோது அதன் சந்தில் நான் செருகி வைத்திருந்த எவர்சில்வர் சம்படமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்ததாம், அப்புறம் காணோமாம். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து சித்தப்பா சும்மா இருந்துவிட்டார்.

ஆக, விழுந்த பிறகுதான் அந்த 11 பேரும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆழக் கிணற்றில் முக்குளித்து, சேற்றிலிருந்து சம்படத்தை எடுத்து, ஊறிப்போன நோட்டில் கையெழுத்துப் போட்டு, மூடியை இறுக்கி மறுபடி சேற்றிலேயே வைத்துவிட்டு வந்தவர்களுக்கு நீங்கள் கொடுத்த தங்க பேட்ஜ் எந்த மூலைக்கு? நீச்சல் பேட்ஜையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அதில் ஒருவர் ‘எளிதாகக் கிடைத்தது, நன்றி’ என்று எழுதியிருக்கிறார்.

என் மேலும் தப்பு இருக்கிறது. பெட்டி வைத்தவன்தான் அதைப் போய்ப் பார்த்துப் பராமரிக்க வேண்டும், அது இந்த விளையாட்டின் விதி. நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்றால் வாரம் ஒரு பதிவாவது ‘கண்டுபிடித்தேன்’ என்று வந்துகொண்டிருந்தது. பெட்டி பத்திரமாக இருக்கிறது என்று அந்தப் பதிவுதானே எனக்குச் சொல்லும்? ‘கிடைக்கவில்லை’ என்று ஒருவர், ஒரே ஒருவர், எழுதியிருந்தால் அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் உங்கள் போட்டியில் ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு என்ன கிடைக்கும்? 5 பெட்டிக்குப் பித்தளை, 10க்கு வெள்ளி, 20க்குத் தங்கம். தேடிக் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியவருக்குப் பூஜ்யம். உண்மையை எழுதினால் நஷ்டம் என்று ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, ஏன் யாரும் உண்மையை எழுதவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. நீங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

சம்படத்துக்குள் இருந்தது நாலு வருஷத்து நோட்டு. போனது போனதுதான். பெட்டிக்கு நான் கொடுத்திருந்த குறிப்பு ‘மாடு பின்னால் நடந்த இடத்தில் தேடு’. கமலையில் சால், அதாவது தண்ணீர் மொள்ளும் பாத்திரம், கிணற்றுக்குள் இறங்கும்போது மாடு பின்பக்கமாக நடக்கும், சால் நிறைந்து மேலே வரும்போது சரிவில் முன்பக்கமாக இறங்கும். இதைப் பார்த்தவர்கள் இப்போது எத்தனை பேர்? சென்னையிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையன் குறிப்பு புரியாமல் தன் தாத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டு, அவர் அரை மணி நேரம் கமலை இறைத்த கதை சொல்லி, அதற்கப்புறம் கண்டுபிடித்ததாக அரைப் பக்கம் எழுதியிருந்தான். அந்தப் பக்கத்துக்காகத்தான் நான் பெட்டி வைக்கிறேன். இதற்கு எந்த நிற பேட்ஜ் கொடுப்பீர்கள்?

பேட்ஜே வேண்டாம் என்று சொல்லும் சாமியார் இல்லை நான். ஜியோகேச்சிங் தளமே 2010 முதல் சூவனீர் என்று படம் கொடுத்து வருகிறது. என் பக்கத்திலும் சில இருக்கின்றன. ஒரு நாள் கடையை மூடிவிட்டு ராமேஸ்வரம் வரை போனதற்கு அப்படி ஒரு படம்தான் காரணம், அன்றைய நாள் நன்றாகவே இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருப்பவனை வெளியே கிளப்புகிற அளவுக்கு அந்தப் படத்துக்கு மதிப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போகாமலே அது கிடைக்கும் என்றால் அந்த மதிப்பும் போய்விடுகிறதே. அதே தளத்தில் இன்னொன்றும் இருக்கிறது: பணம் கட்டி உறுப்பினரானவர்கள் 10 பெட்டி கண்டால், தமக்குப் பிடித்த பெட்டிக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம். அந்தப் புள்ளி கண்டுபிடித்தவருக்குப் போகாது, வைத்தவரின் பெட்டிக்குப் போகும். அதை நான் மதிக்கிறேன். யாரோ ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வது அது.

தொடக்கத்தில் இதெல்லாம் எங்கே இருந்தது? 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. மே 3ஆம் தேதி ஒருவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை எண்களாக வெளியிட்டார். வாளிக்குள் ஒரு நோட்டும் பென்சிலும் சில சாமான்களும். ஒன்றை எடு, ஒன்றை வை, நோட்டில் எழுது. அவ்வளவுதான் விளையாட்டு. நோட்டில் கையெழுத்து இல்லையென்றால் பதிவை நீக்கும் உரிமை பெட்டி வைத்தவருக்கு இன்றும் இருக்கிறது. நான் செய்தது அதைத்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஆரிகன் வரை போக வேண்டியதில்லை. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் திமிலைப் பிடித்துத் தாக்குப்பிடித்தவனுக்குத்தான் பரிசு. யார் கையிலும் சிக்கவில்லையென்றால் பரிசு மாட்டுக்காரருக்கு. வீட்டில் இருந்துகொண்டு ‘பிடித்தேன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவனுக்கு விழாக் கமிட்டி பீரோவும் சைக்கிளும் கொடுத்துப் பார்க்கட்டும், அவனியாபுரத்திலிருந்து ஆட்கள் கிளம்பி வந்துவிடுவார்கள்.

உங்களை மட்டும் சொல்லி என்ன பயன், காலமே அப்படித்தான் இருக்கிறது. காய்கறிக்கு 40 ரூபாய் போனில் அனுப்பினால் சுரண்டிப் பார்க்க ஒரு அட்டை வருகிறது, சுரண்டினால் அடுத்த முறை முயலுங்கள் என்கிறது. நடந்தால் பதக்கம், தூங்கினால் பதக்கம், தண்ணீர் குடித்தால் பதக்கம். எல்.கே.ஜி. படிக்கும் என் பேத்தி ‘இந்த வார நட்சத்திரம்’ பேட்ஜோடு வருகிறாள், விசாரித்தால் வகுப்பில் 32 பேருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அவள் மட்டும் தெளிவாக இருக்கிறாள், அடுத்த நாளே அதைப் பொம்மைக்குக் குத்திவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் ‘மலைக்கு ஒரு பெட்டி’ என்று அடுத்த போட்டி வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து யோசியுங்கள். நம்மைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் இருக்கின்றன. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கே பாறை இடுக்குகளில் வல்லூறுகள் இருக்கின்றன. தங்க பேட்ஜுக்கு இரண்டு பெட்டி குறைகிறது என்று அனுமதி கேட்காமல் அங்கே டப்பா செருகுபவர்களை யார் தடுப்பது? மலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் எர்த்கேச் இருக்கிறது. அதில் பெட்டியே கிடையாது. பாறையைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பினால் போதும். ஒத்தக்கடை ஆனைமலையைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறோம், அது எப்படி உருவானது என்று நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்?

நிர்வாகிகளே, உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. முன்பு பத்துப் பேர் இருந்த குழுவை இத்தனை பெரிதாக்கியது நீங்கள்தான். அதனால்தான் வேறு யாரிடமும் போகாமல் உங்களிடமே கேட்கிறேன். ஒரு பதிவைக் கணக்கில் சேர்க்குமுன் நோட்டின் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பெட்டி வைத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால், நேர்மையாகக் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுபவருக்கும் ஏதாவது செய்யுங்கள், பித்தளையாவது கொடுங்கள். மற்றபடி, கையெழுத்து இல்லாத அந்த 11 பேட்ஜையும் எடுத்துவிடுங்கள். நீக்கிய பதிவுகளை நான் திரும்பச் சேர்ப்பதாக இல்லை.

வைகாசி பிறந்ததும் புதுச் சம்படம் ஒன்று வைத்தாயிற்று. வெள்ளையாக மின்னினால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பச்சைப் பெயின்ட் அடித்து, மூடிக்கு சைக்கிள் ட்யூப் போட்டிருக்கிறேன். கிணற்றுப் பக்கம் இல்லை, குளவியும் இல்லை, சித்தப்பா பார்த்துச் சொல்லிவிட்டார். விருதுநகர்ப் பிள்ளைக்குக் காலாண்டு லீவு விட்டதும் வருவதாக அவள் அப்பா எழுதியிருக்கிறார். நோட்டின் முதல் பக்கத்தை அதுவரை யாரும் தொடாமல் இரண்டாம் பக்கத்திலிருந்து எழுதும்படி நம் குழுவில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கமலைக் கிணற்றோரம் பெட்டி வைத்தவன்
மேலூர்