செயலாளர் ஆண்டறிக்கை

அவையோருக்கு வணக்கம்.

இந்த ஆண்டு பழைய இடங்களைப் பார்க்க நான்கு பயணங்கள் போனோம். முதல் பயணம் சரியாக அமையவில்லை, தவறு என்னுடையது. புதுச்சேரியில் பாரதியார் இல்லம், பாரதிதாசன் இல்லம், அருங்காட்சியகம் மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிடத் திட்டம் போட்டேன். பாரதி 1908 முதல் பத்து வருடம் இருந்த ஊரை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். பெரியவர்கள் வருத்தப்பட்டது நியாயம்தான். அதற்கப்புறம், ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று செயற்குழு முடிவு செய்தது.

அடுத்து, அனுமதி கேட்டு ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைக்குப் போனோம். பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். கீழே முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், நம் ஊர்ப்பக்கத்து வீடுகள் மாதிரியே. மாடிக்கு ஏறினால் பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைத் தூண்கள். அந்த மனிதரின் வாழ்க்கையே இப்படி இரண்டு தளமாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கிளம்ப மனசில்லாமல் முற்றத்தில் நின்றோம்.

அரிக்கமேட்டுக்கு மழை விட்ட மறுநாள் போனோம். 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழாய்வு செய்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்த இடம். இன்று தோப்பும் பாழடைந்த செங்கல் சுவரும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. நம் உறுப்பினரின் பேரன் ஈர மண்ணிலிருந்து கடுகைவிடச் சற்றுப் பெரிய நீலமணி ஒன்றை எடுத்தான். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் யாரோ கோத்திருக்கலாம். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னோம், வைத்தான். இனி வருபவர்களும் அங்கிருந்து எதையும் எடுத்துவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக வடலூர் பக்கத்துக் கருங்குழி. வள்ளலார் தங்கியிருந்த வீடு, தண்ணீரில் விளக்கெரிந்ததாகச் சொல்லப்படும் அறை. சாப்பாட்டுக்கு வடலூர் தருமச்சாலை. 1867இல் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களிடம் அதற்கு விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டு வெளியூருக்கு முன் நம் தேவனாம்பட்டினம் போக வேண்டும் என்பது என் விருப்பம். 1690இல் ஆங்கிலேயர் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் கெடிலக் கரையில் இருக்கிறது. கடலூரில் பிறந்து அதைப் பார்க்காதவர்கள் நம்மிலேயே உண்டு. வர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். காலை வெயில் ஏறுமுன் கிளம்பலாம்.